திரையில் எண் மாறினால் எங்கே கை வைப்பது: ஆர்ட் லைன், சென்ட்ரல் லைன், ஸ்வான்

ராத்திரி 2:40. "அக்கா, ஏழாம் பெட் பி.பி. 68/50!" என்று கத்திக்கொண்டே புதிதாகச் சேர்ந்த பெண், பி.பி.யை ஏற்றும் நார்அட் மருந்தின் பம்பை நோக்கி ஓடினாள். ஏழாம் பெட்டில் இருந்தவருக்கு பைபாஸ் முடிந்து இரண்டாம் நாள். என்னைப் பார்த்ததும், "சிஸ்டர், நீரு" என்றார். 68-ல் இருக்கும் மனுஷன் பெரும்பாலும் அவ்வளவு தெளிவாகத் தண்ணீர் கேட்க மாட்டார். பார்த்தால், தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கித் தலையணைக்கு அடியில் செருகியிருக்கிறார். கையை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். 122/66. பம்பைக் கூட்டியிருந்தால், புதுத் தையல் போட்ட நெஞ்சுக்குள் 180, 190 என்று ஏற்றியிருப்போம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கமிருந்து வருடாவருடம் பிள்ளைகள் பெங்களூரு ஐ.சி.யூ.க்களுக்கு வேலைக்கு வருகிறார்கள். நானும் அப்படி வந்தவள்தான். அவர்களுக்கு டீ நேரத்தில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் யூனிட்டில் எழுதி ஒட்டிய விதி வேறாக இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். வெளியே நாற்காலியில் காத்திருக்கும் வீட்டாரும் இதைப் படிக்கலாம். ஆனால் உள்ளே வந்து குழாயைத் தொடாதீர்கள், தயவுசெய்து.

அடிப்படையில் இது பிளம்பிங் வேலை. ரத்தக் குழாய்க்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய், அதிலிருந்து விறைப்பான டியூப், உள்ளே சலைன், முனையில் அழுத்தத்தை எண்ணாக்கும் டிரான்ஸ்டியூசர். குழாய் தமனிக்குள் (பெரும்பாலும் மணிக்கட்டில்) இருந்தால் ஆர்ட் லைன், கழுத்து வழியாகவோ காறை எலும்புக்குக் கீழோ பெரிய சிரைக்குள் போனால் சென்ட்ரல் லைன், இதயம் தாண்டி நுரையீரல் தமனி வரை போனால் ஸ்வான். சலைன் பையை அழுத்தும் பிரஷர் பேக் 300-ல் இருந்தால் மணிக்கு 3 மி.லி. அளவில் சலைன் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும், அதனால் ரத்தம் உறையாது. 1733-ல் ஸ்டீவன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, கண்ணாடிக் குழாயில் ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறியதை அளந்து எழுதினார். இன்று கண்ணாடிக் குழாய் இருந்த இடத்தில் திரை இருக்கிறது. அதனால் எண் மாறும்போது மாறியது ஆளா, குழாயா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே இருப்பதெல்லாம் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

எண் சடாரென்று இறங்கிவிட்டது, அலையும் படுத்துவிட்டது

முதலில் ஆளைப் பாருங்கள். பேசுகிறாரா, கழுத்துத் துடிப்பு எப்படி இருக்கிறது, கை சூடாக இருக்கிறதா? அந்த நேரத்திலேயே இன்னொரு கையில் பி.பி. கஃப் ஓடட்டும். கஃப்பும் அதே எண்ணைச் சொன்னால் குழாயை விட்டுவிடுங்கள். ஆள்தான் இறங்குகிறார், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கஃப் 118 சொல்கிறது, லைன் 70 சொல்கிறது, திரையில் அலை மலைபோல் எழாமல் மண்மேடு மாதிரி தெரிகிறது என்றால் அது டாம்ப் ஆன, அதாவது அலை மழுங்கிய லைன். இதில் மேல் எண் குறைந்தும் கீழ் எண் கூடியும் காட்டும். நடுவில் இருக்கும் மீன் (சராசரி அழுத்தம்) மட்டும் ஓரளவு உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால்தான் சீனியர்கள் மேல் எண்ணை விட்டுவிட்டு "மீன் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள்.

ஆளின் தோலிலிருந்து தொடங்கி மானிட்டர் பக்கமாக வாருங்கள். மணிக்கட்டு மடங்கியிருக்கிறதா? டிரெஸ்ஸிங்குக்குக் கீழே குழாய் முறுகியிருக்கிறதா? த்ரீ-வே (மூவழித் திருகு) பாதி திரும்பி நிற்கிறதா? டியூபில் காற்றுக் குமிழி இருக்கிறதா? ஏதாவது மூட்டு தளர்ந்திருக்கிறதா? கடைசியில் பிரஷர் பேக். அது 300-ல் இருந்து 150-க்கு இறங்கிக் கிடப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சலைன் தீர்ந்து பை சப்பையாகிப் போனதும் உண்டு.

எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது, ஆனாலும் சந்தேகம் என்றால் ஃப்ளஷ் வால்வை ஒரு விநாடி திறந்து விடுங்கள். திரையில் கோடு சதுரமாக ஏறி நிற்க வேண்டும். விட்டதும் பொத்தென்று இறங்கி, ஒன்றிரண்டு தடவை துள்ளிவிட்டு, பழைய அலைக்குத் திரும்ப வேண்டும். துள்ளாமல் சோம்பலாக இறங்கினால் டாம்ப்.

உறைந்த ரத்தம் அடைத்திருக்கிறது என்று தோன்றினால் முதலில் சிரிஞ்சால் மெதுவாக இழுங்கள். தள்ளக் கூடாது. ஆர்ட் லைன் மணிக்கட்டில்தானே இருக்கிறது என்று சிரிஞ்சை வேகமாக அழுத்தினால், அந்தக் கட்டியோ காற்றோ தமனியில் எதிர்த்திசையில் ஏறி மூளைக்குப் போகும் ரத்தத்தில் கலக்கலாம். இழுத்தும் ரத்தம் வரவில்லையா? டாக்டரிடம் சொல்லி லைனை எடுத்துவிடுங்கள். இதைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு யாரும் மெடல் தரப்போவதில்லை.

மேல் எண் மட்டும் மிரட்டுகிறது

திரையில் 195/58, கஃப்பில் 150. அலை முனை ஊசிபோல் கூர்மையாக இருக்கும், பக்கத்தில் தேவையில்லாத நடுக்கம் இருக்கும். ஃப்ளஷ் பண்ணினால் மூன்று நான்கு தடவை துள்ளும். இது டாம்புக்கு நேர்மாறு. டியூபை நீளமாக்க யாராவது எக்ஸ்டென்ஷன் சேர்த்திருக்கலாம், அதைக் கழற்றுங்கள். வேகமான துடிப்பிலும் விறைத்த முதிய தமனிகளிலும் இப்படி வரும். இந்த 195-ஐ நம்பி பிரஷரைக் குறைக்கும் மருந்து போடுவது, மேலே சொன்ன நார்அட் கதையைத் தலைகீழாக நடத்துவதுதான்.

அலை அழகாக இருக்கிறது, எண் மட்டும் பொய்

இதுதான் எல்லோரும் ஏமாறும் இடம். அலையில் குறையே இல்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

டிரான்ஸ்டியூசர் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். மார்பின் பக்கவாட்டில், நான்காவது விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் சந்திக்கும் புள்ளியில் பேனாவால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். டிரான்ஸ்டியூசர் அந்தக் குறிக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் எண் 7.5 கூடிக் காட்டும், 10 செ.மீ. மேலே இருந்தால் 7.5 குறையும். ஆர்ட் லைனில் 120 என்பது 127 ஆனால் பெரிய சேதமில்லை. சென்ட்ரல் லைன் காட்டும் சிரை அழுத்தமான சி.வி.பி.யில் அப்படி விட முடியாது. காலையில் உடம்பு துடைக்க பெட்டை உயர்த்துகிறோம். டிரான்ஸ்டியூசர் கம்பத்தில் கட்டியபடியே இருக்கிறது. 6 இருந்த சி.வி.பி. 13 என்று காட்டுகிறது. ரவுண்ட்ஸில் அதைப் பார்த்தவர் தண்ணீர் கூடிவிட்டது என்று, சிறுநீரைக் கூட்டும் லாசிக்ஸ் எழுதுகிறார். ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் ஆளுக்கு அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட் அசைந்தால் மட்டத்தைப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும்.

ஜீரோ பண்ணுவது வேறு, மட்டம் பார்ப்பது வேறு. ஜீரோ என்றால் டிரான்ஸ்டியூசரைக் காற்றுக்குத் திறந்து, "இந்த ஊர்க் காற்றின் அழுத்தம்தான் உனக்கு சுழியம்" என்று சொல்லிக் கொடுப்பது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றழுத்தம் 70, 80 மி.மீ. குறைவு. இருந்தும் அங்கேயும் இங்கேயும் ஆரோக்கியமான ஆளின் பி.பி. 120 என்றே வருவதற்குக் காரணம் இந்த ஜீரோதான். மூடியைத் திறக்காமல் பட்டனை மட்டும் அமுக்கினால் என்ன ஆகும் என்று இப்போது புரிந்திருக்கும்.

விரல் வெளுக்கிறது, அல்லது "கை உரியுத்தே" என்கிறார்

கன்னடத்தில் "உரி" என்றால் எரிச்சல். நம் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் தோல் உரிகிறதோ என்று நினைத்து டிரெஸ்ஸிங்கைப் பார்ப்பார்கள். "ஜும் அன்னுத்தே" என்றால் மரத்துப்போகிறது என்று அர்த்தம். ஆர்ட் லைன் போட்ட கையைப் பற்றி இந்த இரண்டு வார்த்தைகளில் எது காதில் விழுந்தாலும் போட்ட வேலையை நிறுத்திவிட்டுப் போய்ப் பாருங்கள்.

இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம், சூடு, நகத்தை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்பும் நேரம். லைன் போட்ட பக்கம் மட்டும் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ குளிர்ந்தோ இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட்டு லைனை எடுக்க வேண்டும். "காலை வரைக்கும் பார்க்கலாம்" என்று விடக் கூடாது. மணிக்கட்டுத் தமனியில் தற்காலிக அடைப்பு சாதாரணமாக நடப்பதுதான். 2002-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சுமார் 20 சதவீதம் என்று கணக்கிட்டது. கைக்கு இன்னொரு தமனி இருப்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நிரந்தரச் சேதம் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அந்த ஒருவருக்குப் போவது விரல். நார்அட் அதிகமாக ஓடும் ஆள், ஷாக்கில் இருக்கும் ஆள், பல தடவை குத்திய மணிக்கட்டு என்றால் மணிக்கு ஒரு தடவை பார்ப்பதுகூடக் குறைவு. போடும் முன் மணிக்கட்டுத் தமனிகளை அழுத்தி விட்டுச் செய்த ஆலன் டெஸ்ட் நன்றாக இருந்தது என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அது அவ்வளவு நம்பகமான சோதனை அல்ல.

இதிலேயே இன்னொரு வகை உண்டு. ஊசி போட்ட அந்த நொடியில் ஆள் அலறுகிறார், முழங்கை வரை எரிகிறது, தோலில் திட்டுத் திட்டாக வெள்ளை. மருந்து ஆர்ட் லைனுக்குள் போய்விட்டது. இங்கே மேலே சொன்னதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். மருந்தை நிறுத்துங்கள், ஆனால் குழாயை உருவாதீர்கள். அதே குழாய் வழியாகத்தான் சிகிச்சை கொடுக்க வேண்டியிருக்கலாம். சத்தம் போட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், என்ன மருந்து, எத்தனை மி.லி. என்று மறைக்காமல் சொல்லுங்கள். பல வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு யூனிட்டில் இது நடந்தது. இரண்டு லைனுக்கும் ஒரே நிற மூடி, விளக்கை அணைத்த அறை. அந்த ஆளின் கை பிழைத்தது. அன்றிலிருந்து ஆர்ட் லைனில் சிவப்பு மூடியும் சிவப்புச் சீட்டும் இல்லாமல் நான் சார்ஜ் எடுப்பதில்லை.

போர்வைக்கு அடியில் ஈரம்

மூட்டு கழன்றிருக்கிறது. தமனியிலிருந்து சொட்டு சொட்டாக வராது, பீய்ச்சும். விரலால் அழுத்துங்கள், த்ரீ-வேயை மூடுங்கள், அப்புறம் கூப்பிடுங்கள். வராமல் தடுக்க இரண்டே வழி: லைன் இருக்கும் கை எப்போதும் போர்வைக்கு மேலே இருக்கட்டும், தாழ் பிரஷர் அலாரத்தை யாரும் அமைதியாக்கி வைக்க வேண்டாம். டிசம்பர் குளிரில் "கை சில்லுன்னு இருக்கு, மூடி விடுங்க" என்று வீட்டார் கேட்பார்கள். சாக்ஸ் மாதிரி விரலை மட்டும் சுற்றிக் கொடுங்கள், மூட்டுகள் கண்ணில் படட்டும்.

லைனில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 400

காலையில் 140 இருந்தவர். இன்சுலின் ஓட்டுவதற்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் பிரஷர் பேக் உறையைக் கழற்றி உள்ளே இருக்கும் பையைப் படியுங்கள். சலைனுக்குப் பதில் டெக்ஸ்ட்ரோஸ் தொங்கினால், லைனில் நிற்கும் சர்க்கரைத் தண்ணீர் ரத்தத்தோடு கலந்து வருகிறது. அதைப் பார்த்து இன்சுலின் கொடுத்தால் உண்மையான சர்க்கரை அடிமட்டத்துக்குப் போகும். மயக்கத்தில் இருக்கும் ஆளிடம் அது வெளியே தெரியாது. பிரிட்டனில் இதே தவறில் உயிர் போயிருக்கிறது. 2008-ல் அங்கே நாடு முழுவதற்கும் எச்சரிக்கை அனுப்பினார்கள். உறைக்குள் போகும் பையை இரண்டு பேர் படிக்க வேண்டும் என்பது அதனால்தான்.

சென்ட்ரல் லைன் போட்டதும் மூச்சு வாங்குகிறது

கழுத்திலோ காறை எலும்புக்குக் கீழோ ஊசி போட்டபோது நுரையீரலின் உறையைத் தொட்டிருக்கலாம். காற்று மார்புக்குள் தேங்கும். வென்டிலேட்டரில் இருக்கும் ஆள் சொல்ல மாட்டார், மெஷின்தான் பிரஷர் அலாரம் அடித்துச் சொல்லும். ஒரு பக்கம் மூச்சுச் சத்தம் குறைந்து, பி.பி.யும் இறங்கினால் எக்ஸ்ரே வரும் வரை காத்திருக்க நேரமில்லை. அதே மூச்சிரைப்போடு பி.பி. விழுந்து, இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் சரியாகவே இருந்து, சி.வி.பி. ஏறினால், குழாயின் முனை இதயச் சுவரைத் துளைத்து உறைக்குள் ரத்தம் நிரம்புகிறதோ என்று டாக்டர் எக்கோ கேட்பார். மெஷினை முன்கூட்டியே இழுத்து வைத்திருங்கள்.

போடும்போதே துடிப்பு தாறுமாறாக ஓடினால் வயர் உள்ளறையைக் குத்துகிறது. போடுபவரிடம் "எக்டோபிக்" (ஒழுங்கு தவறிய துடிப்பு) என்று உரக்கச் சொல்லுங்கள், ஒன்றிரண்டு செ.மீ. இழுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

பெரிய குழாய் தவறித் தமனிக்குள் போய்விட்டது தெரிந்தால் அதையும் உருவக் கூடாது, ஓட்டை பெரியது. அப்படியே விட்டு ரத்தக் குழாய் அறுவை நிபுணரைக் கூப்பிடுவார்கள். ரத்தம் கருப்பாக இருக்கிறது, அதனால் சிரைதான் என்று முடிவு கட்டாதீர்கள், ஆக்சிஜன் குறைந்த ஆளிடம் தமனி ரத்தமும் கருத்துத்தான் இருக்கும். டிரான்ஸ்டியூசரில் இணைத்து அலையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சென்ட்ரல் லைனை எடுத்த கையோடு ஆள் சரிகிறார்

உட்கார வைத்து எடுத்தீர்களா? கழுத்துச் சிரைக்குள் காற்று இழுபட்டிருக்கலாம். ஓட்டையை அழுத்தி மூடுங்கள், இடப் பக்கம் சாய்த்துத் தலையைத் தாழ்த்துங்கள், 100 சதவீத ஆக்சிஜன் போடுங்கள், கூப்பிடுங்கள். இது நடக்காமல் இருக்க, படுக்க வைத்து, தலை தாழ்த்தி, மூச்சை வெளியே விட்டுப் பிடிக்கச் சொல்லி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு காற்றுப் புகாத டிரெஸ்ஸிங் ஒரு நாள் இருக்கட்டும்.

நாலாம் நாள் குளிர் நடுக்கம்

லைனில் எதையோ ஃப்ளஷ் பண்ணிய அரை மணிக்குள் நடுக்கம் வந்தால் லைன்மேல் சந்தேகப்படுங்கள். லைனிலிருந்து ஒன்று, வேறு கையிலிருந்து ஒன்று என்று ஒரே நேரத்தில், ஒரே அளவில் ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும். லைன் பாட்டில் 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி பாசிட்டிவ் ஆனால் கிருமி குடியிருப்பது குழாயில்தான். தோலில் சிவப்பு, சீழ் இல்லை என்பதால் லைன் சுத்தம் என்று அர்த்தமில்லை. கிருமி மூடி வழியாகவும் நுழைகிறது. தொடும் ஒவ்வொரு தடவையும் 15 விநாடி ஆல்கஹாலால் தேயுங்கள். நான் மனதுக்குள் எண்ணுவேன், வெட்கமெல்லாம் இல்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள் ஐந்தே ஐந்து விஷயங்களைச் செய்தன: கை கழுவுவது, முழுப் பாதுகாப்பு உடையும் விரிப்புமாக லைன் போடுவது, தோலைக் குளோரெக்சிடின் கிருமிநாசினியால் துடைப்பது, தொடையில் போடுவதைத் தவிர்ப்பது, தேவையற்ற லைனை எடுப்பது. ஆயிரம் லைன்-நாளுக்கு 2.7 என்று இருந்த லைன் தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் சுழியத்துக்கு வந்தது. 2006-ல் வெளிவந்த முடிவு இது. ஐந்தில் ஒன்றுகூட விலை அதிகமில்லை.

அல்சூர் சோமேஸ்வரர் கோயிலிலிருந்து திருநீறு கொண்டுவரும் அம்மாக்கள் எங்கள் யூனிட்டில் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. நெற்றியில் பூசிவிட்டு அப்படியே கழுத்து, மார்பு வரை தடவுவார்கள், டிரெஸ்ஸிங் ஓரத்தில் பொடி ஒட்டும். அதட்ட வேண்டாம். "நெற்றியில் மட்டும் வையுங்கம்மா, பொட்டலத்தைத் தலைமாட்டில் நான் வைக்கிறேன்" என்றால் கேட்பார்கள்.

ஸ்வான்: பலூன் இறக்கியும் அலை வெட்ஜாகவே நிற்கிறது

இதய அறுவை யூனிட்களுக்கு வெளியே இப்போது ஸ்வானைப் பார்ப்பது அபூர்வம். ஸ்வானும் கான்ஸும் 1970-ல் வெளியிட்டது, பாய்மரம்போல் ரத்த ஓட்டத்திலேயே மிதந்து போகும் பலூன் குழாய். பலூனை ஊதி நுரையீரல் தமனியின் ஒரு கிளையைச் சில விநாடி அடைத்தால் வருவதுதான் வெட்ஜ் அலை. 2005-ல் பிரிட்டனில் ஆயிரத்துச் சொச்சம் பேரில் சோதித்தபோது இது உயிரைக் கூடுதலாகக் காப்பாற்றவில்லை. அதன் பிறகு மோகம் குறைந்தது. அபூர்வம் என்பதால்தான் கை பழகாமல் தவறு நடக்கிறது.

பலூனில் காற்று இல்லை, ஆனாலும் அலை வெட்ஜ். அப்படியென்றால் முனை தானே நழுவி நுரையீரலின் சின்னக் கிளைக்குள் போய் அடைத்திருக்கிறது. விட்டால் அந்தத் துண்டு நுரையீரல் செத்துவிடும். பலூன் முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள், ஆளை இருமச் சொல்லுங்கள், பக்கம் திருப்புங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். குழாயை இழுப்பது அவர் வேலை. இந்த நிலையில் ஃப்ளஷும் வேண்டாம், பலூனை ஊதவும் வேண்டாம்.

மாறாக, கீழ் எண் 12-லிருந்து 2-க்கு இறங்கி எக்டோபிக் வந்தால் முனை வலக் கீழறைக்குத் திரும்பிவிட்டது. ஏற்கெனவே இதயத்தின் மின் பாதையில் இடக் கிளை பிளாக் இருக்கும் ஆளுக்கு ஸ்வான் போடும்போது, இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸிங் மெஷின் பக்கத்தில் இருக்க வேண்டும். குழாய் உரசி வலக் கிளையும் நின்றால் முழு பிளாக்.

வெட்ஜ் எடுத்ததும் இருமலில் ரத்தம் வருகிறதா? நுரையீரல் தமனி கிழிந்திருக்கலாம். வயதானவர், ரத்தம் உறையாமல் மருந்து எடுப்பவர், நுரையீரல் பிரஷர் கூடியவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். கிழிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைப்பதில்லை. ரத்தம் வரும் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து எமர்ஜென்சி கூப்பிடுங்கள். தவிர்க்க, 1.5 மி.லி.க்கு மேல் ஒருபோதும் ஊதாதீர்கள், அலை மாறிய கணத்தில் நிறுத்துங்கள், சில விநாடிகளில் படித்துவிட்டுக் காற்றை வெளியே விடுங்கள். ஊதும்போது கை உணரும் தடை முக்கியம். இதைக் காகிதத்தில் சொல்லித் தர முடியாது, சீனியர் பக்கத்தில் நிற்கும்போது ஒரு தடவை கற்றுக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியும் இல்லை

இதற்கும் ஒரு தலைப்பு தேவை. லைன் சிரமம் தரவில்லை, அலை நன்றாக இருக்கிறது, ஆள் இட்லி சாப்பிடுகிறார். நேற்றுக் காலையிலிருந்து அந்த எண்ணைப் பார்த்து யாரும் எந்த மருந்தையும் மாற்றவில்லை. சார்ட்டைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். ரவுண்ட்ஸில் "இது எதற்கு இருக்கிறது?" என்று கேளுங்கள். சில டாக்டர்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

ஏழாம் பெட்காரருக்கு அன்று காலை 11 மணிக்கு ஆர்ட் லைனை எடுத்தோம். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி மணிக்கட்டை மடக்கப் பார்த்தார், "மடக்கபேடா அண்ணா" என்றேன், எனக்குத் தெரிந்த கலப்புக் கன்னடத்தில். விரல் சூடு, நிறம், துடிப்பு: ராத்திரி டியூட்டிக்கும் பார்க்கச் சொல்லி எழுதி வைத்தேன். லைன் போன பிறகும் அடைப்பு வரலாம்.